பூவும் பழமும்

வஞ்சகன் சொல்லும் பொய்யைவிட, உத்தமன் நம்பிச் சொல்லும் பொய்க்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

திருவிதாங்கூரில் ஜஸ்டஸ் ஜோசப் என்ற போதகர் இருந்தார். அந்தணராய்ப் பிறந்து கிறிஸ்துவை ஏற்றவர். மலையாளத்தில் அருமையான கீர்த்தனைகள் இயற்றியவர். 1881-ல் கர்த்தர் வருவார் என்று அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1870-களில் முழங்கினார்கள். ஜனங்கள் அழுதார்கள்; பாவங்களை அறிக்கையிட்டார்கள். 'ஆறாண்டுக் கட்சி' என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. 1881 வந்தது, போயிற்று. சிலர் தாய்ச் சபைக்குத் திரும்பினர். மற்றவர்கள் யுயோமய சபை என்று தனியே நின்றுவிட்டனர்.

அந்தக் கண்ணீர் பொய்யா? இல்லை. கண்ணீர் மெய், கணக்குத்தான் பொய். கண்ணீரைக் கணக்குக்குச் சாட்சியாக வைத்ததுதான் பிழை.

இதை அறிய வேத சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. சேர்வராயன் மலையில் மாரமங்கலம் பக்கத்துக் காபித் தோட்டக்காரரைக் கேளுங்கள். கோடை மழைக்குப் பின் செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூக்கும். ஆனால் பூவை எண்ணி யாரும் மூட்டை தைப்பதில்லை; மார்கழியில் பழம் கைக்கு வரும்வரை பொறுக்கிறார்கள்.

பக்திக்கும் அந்தப் பொறுமை வேண்டும். 'சோதிக்காதே, நம்பு' என்று ஒரு குரல் அவசரப்படுத்தினால், அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அங்கேதான் நிதானிக்க வேண்டும். கடவுளின் குரலானால் நம் சோதனைக்கு அது ஏன் அஞ்ச வேண்டும்?