கற்றவர் யாவரும் ஆசிரியராவரோ?

மாணவன் ஒருவன் பாடத்தை உணராது போவானாயின் குற்றம் யாரைச் சார்ந்தது? அவன் மந்தபுத்தியுடையவன் என்று கூறி ஆசிரியர் விலகிக்கொள்ளலாமா? இக்கேள்வி கல்விமுறையை மட்டும் பற்றியதன்று. அறத்தைப் பற்றியது என்றே நாம் கருதுகிறோம்.

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையிலுள்ள எலெக்ட்ரானிக் சிட்டியை நம் வாசகர் பலர் அறிவர். தொழில் நிலையங்கள் நிறைந்த அவ்விடத்தில் இன்று உயர்கல்வி நிலையங்களும் உள. 1999இல் தொடங்கப்பெற்ற பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் அவற்றுள் ஒன்று. அங்கே முனைவர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்வோருள் சிலர் தொழில் நிலையங்களுக்குச் செல்வர். சிலர் நாளை பல்கலைக்கழக ஆசிரியராவர். அந்த நாளைக்கு அவர்களை ஆயத்தஞ்செய்வது எங்ஙனம்?

பள்ளியாசிரியராக விரும்புவோர் கற்பிக்கும் முறையில் தனிப் பயிற்சி பெற்றாதல் வேண்டும். பல்கலைக்கழக ஆசிரியருக்கோ பொருளறிவே போதுமென நெடுங்காலம் எண்ணப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட விதிகளில், எத்துறை ஆராய்ச்சி மாணவரும் கற்பித்தல், எழுதுதல் முதலியவற்றில் பயிற்சி பெறவேண்டுமென விதித்தது. வாரத்திற்கு 4 முதல் 6 மணி நேரம் பயிற்சி வகுப்பு, ஆய்வுக்கூடம், மதிப்பீடு ஆகிய பணிகளில் அவரை ஈடுபடுத்தலாம் என்றும் கூறிற்று.

விதி நன்று. ஆயினும் மணிக்கணக்கு ஒருவரை ஆசிரியராக்குமா?

இதே கேள்வி பகவான் புத்தரின் சங்கத்திலும் எழுந்ததை விநயபிடகத்து மகாவக்கம் கூறுகிறது. உபசேனர் என்னும் பிக்கு, தாம் துறவேற்று ஓராண்டே நிரம்பிய நிலையில் ஒருவரைத் தம் மாணாக்கராக்கிக் கொண்டார். பிறரிடம் கற்கவேண்டிய நிலையிலிருப்பவர் பிறருக்குக் கற்பிக்கப் புகுந்ததைப் பகவான் கடிந்து, பத்தாண்டு நிரம்பியவரே மாணாக்கரை ஏற்கலாமென விதித்தார். பின்னர், ஆண்டு நிரம்பியும் தகுதி நிரம்பாதோர் மாணாக்கரை ஏற்றனர். ஆதலின், பத்தாண்டுடன் தேர்ச்சியும் ஆற்றலும் வேண்டுமென அவ்விதியைத் திருத்தினார். பட்டம் வேறு, ஆசிரியத் தகுதி வேறு என்பது இதனால் விளங்கும்.

அத்தகுதி யாது? சூளபந்தகர் வரலாறு அதனைக் காட்டும். நான்கு மாதம் முயன்றும் ஒரு காதையை மனனஞ் செய்ய இயலாத அவரை, அவர் தமையனாராகிய மகாபந்தகரே மடத்தை விட்டு வெளியேறச் சொன்னார். மகாபந்தகர் கல்லாதவரல்லர், அருகத நிலை எய்தியவர். வாயிலில் நின்று கலங்கிய சூளபந்தகரிடம் பகவான் வெண்துகில் ஒன்றைத் தந்து, அழுக்கு நீங்குதலை நினைந்து அதனைத் தேய்க்குமாறு பணித்தார். கைபட்டுத் துகில் மாசுற்றது. அநித்தியம் அவருக்கு விளங்கிற்று. அவரும் அருகதரானார்.

எல்லாருக்கும் ஏற்பக் கற்பித்தால் கல்வியின் தரம் தாழுமென்று சிலர் அஞ்சுவர். பகவான் சூளபந்தகருக்காக இலட்சியத்தைத் தாழ்த்தினாரில்லை, வழியையே மாற்றினார். தமையனார் எய்திய நிலையையே தம்பியும் எய்தினார் அன்றோ?

ஆராய்ச்சி மாணவர் பெறவேண்டிய பயிற்சி இதுவே. தமிழிலோ கன்னடத்திலோ பள்ளிக்கல்வி முடித்து வந்த மாணவன் ஆங்கிலச் சொல்லொன்றில் தடுமாறும்போது, அறியாமை எது, மொழித் தடை எது எனப் பகுத்துணரப் பழகவேண்டும். பெயரை மறைத்து விடைத்தாள் திருத்தப் பழகவேண்டும். பார்வையற்ற மாணவருக்குக் கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லப் பழகவேண்டும். மூத்த ஆசிரியர் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுத் திருத்த, அதற்கு நாணாது கற்பிக்கவும் பழகவேண்டும்.

நம்மவர்க்கும் இதில் கடமையுண்டு. நம் பாட்டன்மார் பள்ளி வாயிலில் தடுக்கப்பட்டவர்கள். நம் பிள்ளைகளோ இன்று ஆராய்ச்சி மாணவராய் உள்ளே அமர்ந்திருக்கின்றனர். வகுப்பில் நகைக்கப்பட்டவரே நாளை மேடையேறி வேறொருவரை நகைத்தலும் கூடும். வடு ஒருவரைக் கருணையுடையவராக்கும் என்பது உறுதியன்று; கருணையும் பயிலப்பட வேண்டியதே. நம் இல்லத்தில் ஒருவர் முனைவர் பட்டம் பெறும் நாளில் அவரை வாழ்த்துவோம். அத்துடன், வாயிலில் கலங்கி நிற்கும் மாணவனுக்கு அவர் என்ன செய்வார் என்றும் கேட்போமாக.