எண்ணெய் ஆயுதம் யாரைத் தாக்கியது?

ஒரு நாட்டின் நிலத்தடி எண்ணெய் அந்நாட்டு மக்களுக்கே சொந்தம். அதை விற்கவும் மறுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால், அந்த மறுப்பு சண்டையில் பங்கே இல்லாத ஏழைகளின் அடுப்பை அணைத்தால் யார் பொறுப்பு? சவூதி அரேபியாவின் எண்ணெய் அமைச்சராக 1962 முதல் 1986 வரை இருந்த அகமது ஜக்கி யமானியை எடைபோடுபவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மெக்காவில் பிறந்து ஹார்வர்டில் சட்டம் படித்தவர் யமானி. அமெரிக்க நிறுவனங்களின் கையில் இருந்த சவூதி எண்ணெய் நிறுவனமான அராம்கோவை அவர் ஒரே நாளில் பறிக்கவில்லை. பேசிப் பேசியே 1973இல் 25 விழுக்காடு, மறு ஆண்டு 60 விழுக்காடு என்று பங்குகளைப் பெற்றார். 1980இல் நிறுவனம் முழுவதும் சவூதியின் கைக்கு வந்தது. உரிமையை மீட்க இதைவிட நேர்மையான வழி அரிது.

1973 அக்டோபரில் நடந்த அரபு-இஸ்ரேல் போரின்போது நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. இஸ்ரேலுக்கு ஆதரவளித்த அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் அரபு நாடுகள் எண்ணெய் விற்பதை நிறுத்தின, உற்பத்தியையும் குறைத்தன. சவூதியின் முடிவு அதன் மன்னர் பைசலுடையது. அதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் யமானி. பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த விலை 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது.

அமெரிக்கா மீதான தடை அந்த மார்ச்சிலேயே நீங்கியது. விலை மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அரபு நாடுகளின் பக்கம் நின்ற இந்தியாவும் அதே விலையைத்தான் கொடுத்தது. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகளும் உரம் வாங்கிய உழவர்களும் அந்தச் சுமையைச் சுமந்தார்கள்.

யமானியின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பல பத்தாண்டுகள் மேற்கத்திய நிறுவனங்களே விலையைத் தீர்மானித்தன. 1974 ஜனவரி விலைக்கு முன்னின்றவர் ஈரானின் ஷா. சவூதி அவ்வளவு உயர்வை விரும்பவில்லை. 1976 டிசம்பரில் தோகாவில், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கின் பிற நாடுகள் 10 விழுக்காடு ஏற்றியபோது, சவூதியும் ஐக்கிய அரபு அமீரகமும் 5 விழுக்காட்டோடு நின்றன. விலை எல்லை மீறினால் உலகம் மாற்று எரிபொருளைத் தேடிப் போய்விடும் என்ற கணக்கும் அதில் இருந்தது. தன்னலம் கலந்திருந்தாலும் அந்த நிதானம் ஏழை நாடுகளுக்குப் பயன்பட்டது. அதற்குரிய மதிப்பைத் தரத்தான் வேண்டும்.

வளரும் நாடுகளுக்குக் கடன் கொடுக்க ஒபெக் 1976இல் ஒரு நிதியம் தொடங்கியது. அது உதவி, ஆனால், நேர்ந்த இழப்புக்கு ஈடாகாது. எண்ணெய்க்கு உரிமை கோரியது சரி. ஏழை நாடுகளுக்குத் தனிச் சலுகை விலையை முன்கூட்டியே வகுக்காமல் அந்த ஆயுதத்தை எடுத்தது தவறு. அந்தத் தவறில் மன்னருக்கும் ஷாவுக்கும் இருப்பதுபோல் யமானிக்கும் பங்கு உண்டு.