குறைய வேண்டிய பணம்

2010 பட்ஜெட்டில் ஒரு புது வரி வந்தது. நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய். பெயர், தூய எரிசக்தி செஸ். கரி எரிப்பதற்கு வாங்கும் காசைக் காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் கொடுப்பது நோக்கம். 2016-ல் அது 400 ரூபாய் ஆனது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 400 ரூபாய் அப்படியே தொடர்ந்தது, ஆனால் பணம் போகும் இடம் மாறிவிட்டது. ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு ஏற்படும் வருவாய் இழப்பை ஈடுகட்டும் கணக்குக்குள் போனது. 2025 செப்டம்பரில் அந்த செஸ்ஸையும் எடுத்துவிட்டு, நிலக்கரிக்கான ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். இப்போது அது பொதுக் கஜானாவில் பெயரில்லாமல் கரைகிறது.

"இதுல என்ன தப்பு?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாநிலத்துக்குப் போகும் பணத்தில்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நர்ஸ் வருகிறார். சர்க்கரை மாத்திரையை வாங்கிக்கொண்டு போகிற பாட்டிக்கு அது காற்றாலைக் காசா, கரிக் காசா என்று தெரிய வேண்டியதில்லை. ரூபாய் நோட்டில் பாவ புண்ணியம் ஒட்டியிருப்பதில்லை.

நோட்டில் இல்லைதான். ஆனால் பழக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2003-லிருந்து சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. கடைகளை மூடச் சொல்லும்போதெல்லாம் எதிரே வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: "அப்புறம் நலத்திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?" கவனியுங்கள், குடிக்கு ஆதரவாக யாரும் வாதாடுவதில்லை. குடிக்காக வாதாடுவது நலத்திட்டம். ஒரு தீமையின் வருமானத்தில் ஒரு நன்மையை நட்டு வைத்தால், நாளடைவில் அந்த நன்மையே தீமைக்குக் காவல்காரனாகிவிடும்.

கரிக்கும் அதே கதி நேரலாம். ஆஸ்பத்திரி கரிப் பணத்தில் ஓடினால், கரி குறைய வேண்டும் என்று சொல்பவர் ஆஸ்பத்திரிக்கு எதிரி போலத் தெரிவார். சூழலியலாளரும் நோயாளியும் எதிரெதிரே நிற்பார்கள். அவர்களை அப்படி நிறுத்தி வைத்தது ஒரு கணக்குப் புத்தகம் என்பதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பசுமை, வேலை, நியாயமான வர்த்தகம், சுகாதாரம். இந்த நான்குக்கும் இடையே 'சமநிலை' வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். தராசைப் பற்றியே பேசுகிறோம், எந்தத் தட்டில் யாரை ஏற்றி வைத்திருக்கிறோம் என்று கேட்பதில்லை.

நெய்வேலியைப் பாருங்கள். 1956-ல் தொடங்கிய நிறுவனம். பழுப்பு நிலக்கரிக்காக நிலம் கொடுத்தவர்கள் ஒரு பக்கம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியதை நாம் போனில் பார்த்தோம். பணி நிரந்தரம் கேட்டுப் பல வருடங்களாகப் போராடும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இன்னொரு பக்கம். நாளை சுரங்கம் மூடினால் பசுமை வேலை வரும் என்கிறோம். சோலார் பூங்காவைக் கட்டும்போது ஆள் வேண்டும். கட்டி முடித்தபின் பேனல் துடைக்கவும் காவலுக்கும் சிலர் போதும். ஐம்பது வயதில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவரிடம் "பூமிக்காகப் பொறுத்துக்கோங்க" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அவர் பூமியை நம் அளவுக்குக்கூட அனுபவிக்கவில்லையே.

அதனால் ஒரு எளிய விதி எனக்குச் சரியாகப் படுகிறது. குறைய வேண்டிய வருமானத்தை, என்றைக்கும் இருக்க வேண்டிய செலவுக்குக் கொடுக்கக் கூடாது. முடிந்துபோகும் பணம் முடிந்துபோகும் வேலைக்கு. கரி வரியில் சுரங்கத் தொழிலாளியின் மாற்று வேலை, அதுவரைக்கும் சம்பளம், நிலம் இழந்தவருக்கு நியாயமான இழப்பீடு. கரி தீரும்போது இந்தக் கடனும் தீரும். மருத்துவமோ தீராத செலவு. அது வருமானத்தின் மீதும் சொத்தின் மீதும் விழும் நிலையான வரியிலிருந்து வர வேண்டும். நீங்களும் நானும் கொடுப்பதிலிருந்து. 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசின் மருத்துவச் செலவை ஜிடிபியில் 2.5 சதவீதமாக்கச் சொன்னது. எட்டவில்லை. அந்தக் குறைக்குக் கரியைக் காரணம் சொல்ல முடியாது.

இதே விதி கடல் தாண்டியும் செல்லும். நிலக்கரியில் உருக்கிய நம் இரும்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் கார்பன் கட்டணம் விதிக்கிறது. 2026 ஜனவரியில் அதன் முழுக் கட்டம் தொடங்கியது. இருநூறு வருடம் புகை விட்டுப் பணக்காரர் ஆனவர்கள், பின்னால் வருபவரிடம் சுங்கம் கேட்பதில் நியாயம் குறைவுதான். ஆனால், சொந்த நாட்டிலேயே கார்பனுக்கு விலை கொடுத்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆக, அந்தப் பணத்தை நாமே இங்கே வசூலித்துக்கொள்ள வழியிருக்கிறது. வசூலித்தால் அது எந்தக் கணக்குக்குப் போகும் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

முதல் தடவை அந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. ஏழே வருடத்தில் பணம் வழி மாறிவிட்டது.