யார்பொருட்டுப் படிப்பது?

பருவக் கட்டுரைகளையெல்லாம் எழுதி ஒப்படைத்துவிட்ட உளச்சிகிச்சை மாணாக்கர் விடுமுறையில் முதற்கண் செய்யும் காரியம் யாது? பட்டியல் எழுதுவதேயாம். இதுகாறும் நேரமின்மையால் ஒதுக்கிவைத்த நூல்கள் யாவும் அதில் இடம்பெறும். பிராய்டின் கனவு நூல், கார்ல் ரோஜர்ஸ் 1961-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், வின்னிகாட், யாலம், நம் நாட்டுச் சுதீர் கக்கர் என்று அது நீண்டுகொண்டே போகும். அண்மையில் நாம் காண நேர்ந்த ஒரு பட்டியலில் 42 நூல்கள் இருந்தன. விடுமுறையோ ஆறு வாரம். வாரத்திற்கு ஏழு நூல்! நோன்பு நோற்பவர்கூடத் தம் நாளை இத்துணைக் கடுமையாக வகுத்துக்கொள்வதில்லை.

இவ்வார்வத்தைக் குறைகூறுவது நம் கருத்தன்று. படிப்பை நிறுத்திவிட்ட மருத்துவரினும் படிக்க விழையும் மாணாக்கர் எவ்வளவோ மேலானவர். ஆயினும் இப்பட்டியலுக்குள்ளே அறம் பற்றிய ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பிறருடைய துயரத்தைப் பற்றிப் படிப்பவர் யார்பொருட்டுப் படிக்கிறார்? தமக்காகவா, நாளை தம் எதிரே வந்து அமரப்போகும் ஒருவருக்காகவா?

பருவக் கட்டுரைக்காகப் படிக்கும் முறை தனிவகைப்பட்டது. நூலைத் திறக்கும்போதே முடிபு கையில் இருக்கும். அதற்குச் சான்று தேடியே கண் ஓடும். வேண்டிய வரி கிடைத்ததும் நூல் மூடப்படும். குறித்த நாளில் குறித்த அளவு கேட்கும் கல்விமுறையில் இது தவிர்க்கவொண்ணாதது. மாணாக்கரை நோவது நியாயமன்று. கேடு யாதெனில், இப்பழக்கம் கட்டுரையோடு ஒழிவதில்லை. நோயாளி ஒருவர் தம் தந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், ‘இது இன்ன ஆசிரியர் கூறியதன்றோ’ என்று மாணாக்கரின் உள்ளம் பக்கம் தேடப் போய்விடுகிறது. அவர் அடுத்துச் சொன்ன சொல் காற்றோடு போகிறது. நூலை அவ்வாறு படித்தால் நூலுக்கு நோவில்லை. மனிதரை அவ்வாறு கேட்டால் அவருக்கு நோவுண்டு. சொல்லியும் கேட்கப்படாதவராய் எழுந்து செல்பவர் மறுவாரம் வாராமலே போகலாம்.

இத்துறையின் தொடக்கத்திலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. வியன்னா நகர மருத்துவர் யோசெப் புராயர் 1880-இன் இறுதி முதல் 1882-இன் நடுப்பகுதி வரை ஓர் இளம் பெண்ணுக்குச் சிகிச்சை செய்தார். 1895-இல் அவரும் பிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில் அப்பெண் ‘அன்னா ஓ.’ என்னும் மாற்றுப்பெயரில் தோன்றுகிறார். பேசிப் பேசியே நோயை ஆற்றும் இம்முறைக்குப் ‘பேச்சுச் சிகிச்சை’ என்று பெயர் சூட்டியவர் மருத்துவரல்லர், அந்நோயாளியே. கட்டுரைகளில் இவர் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ஆனால் பலர் இவர் கதையை அந்நூலோடு நிறுத்திவிடுகின்றனர். நூலின்படி இவர் நலமடைந்தவர். உண்மையிலோ, புராயரின் சிகிச்சை முடிந்த அதே ஆண்டில் இவர் சுவிட்சர்லாந்திலிருந்த ஒரு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார் என்பதை ஹென்றி எல்லன்பெர்கர் என்னும் வரலாற்றாசிரியர் 1972-இல் ஆவணங்கொண்டு காட்டினார்.

இவருடைய இயற்பெயர் பெர்தா பாப்பன்ஹைம். பின்னாளில் பிராங்க்பர்ட் நகரில் அநாதைப் பெண்பிள்ளைகளின் இல்லத்தை நடத்தினார்; 1904-இல் செருமானிய யூத மகளிர் சங்கத்தை நிறுவினார்; பெண்களை விலைப்பொருளாக்கும் கொடுமையை எதிர்த்து நாடுநாடாகச் சென்றார்; 1936-இல் மறைந்தார். 1954-இல் மேற்குச் செருமனி இவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. நோய்க்குறிகளின் தொகுப்பாக மட்டும் இவரைப் படித்தவர் இவற்றுள் ஒன்றையும் அறியார். ஒருவர் வாழ்வில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு அவரை அறிந்தோம் என்பது படிப்பில் நேர்ந்த குறை மாத்திரமன்று. அவருக்கு இழைத்த அநீதியுமாகும்.

கல்வியைப் பாம்பு பிடிப்பதற்குப் பகவான் ஒப்பிட்டதை நம் வாசகர் அறிவர். மச்சிம நிகாயத்து அவ்வுவமையில் வாலைப் பிடித்தவனைப் பாம்பு திரும்பிக் கடிக்கிறது. பிறரைக் குறைகூறவும் வாதில் வெல்லவும் தம்மத்தைக் கற்பவன் அவனுக்கு ஒப்பாவான். உளநூலில் ஒரு வேறுபாடு உண்டு. அதைத் தவறாகப் பிடித்தால் கடிபடுபவர் பெரும்பாலும் பிடித்தவரல்லர், எதிரே இருப்பவர்.

‘அங்ஙனமாயின் நூலே வேண்டா, அன்பு போதும்’ என்பாரும் உளர். அக்கூற்று கேட்க இனியது, ஏற்கத்தக்கதன்று. தற்கொலை எண்ணத்தின் அறிகுறி அறியாத அன்பினால் என்ன பயன்? எந்த நிலையில் மனநல மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்பதை நூலும் ஆசானும் கற்பித்தே அறியவேண்டும். ஆகவே 42-ஐ நான்காகக் குறைத்துக்கொள்க என்பதே நாம் சொல்லக்கூடியது. கட்டுரைக்காகப் பாதி புரட்டிய நூல் ஒன்றை முதலிலிருந்து முடிவுவரை, குறிப்பெடாமல், படித்துப் பார்க்கலாம். நோயுற்றவரே எழுதிய நூலொன்றும் அவற்றுள் இருத்தல் வேண்டும். மனநோய் விடுதிகளில் தாம் பட்ட பாட்டைக் கிளிபோர்டு பியர்ஸ் 1908-இல் எழுதினார். அந்நூல் அமெரிக்க மனநல இயக்கத்துக்கே வித்தாயிற்று. கே ஜேமிசனோ தாமே உளநூற் பேராசிரியர். தம்மைப் பற்றிய மனநோயைக் குறித்து 1995-இல் வெளிப்படையாக எழுதினார். மருத்துவர் இருக்கையும் நோயாளி இருக்கையும் ஒருவரிடமே கூடிய நூல் அது.

மொழி பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பெங்களூரிலும் மும்பையிலும் பயிலும் நம் மாணாக்கர் துறைநூல்களை ஆங்கிலத்திலேயே கற்கின்றனர். எதிரே வரும் தமிழ்த் தொழிலாளியோ, ‘நெஞ்சை அடைக்குது’, ‘மனசு விட்டுப்போச்சு’ என்கிறார். அதை உடனே ‘டிப்ரஷன்’ என்று எழுதிக்கொள்ளும்போது பாதி சிந்திவிடுகிறது. 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர போஸ் பிராய்டுடன் நெடுங்காலம் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். எனினும் தம் வங்கமொழியிலும் கனவைப் பற்றி நூல் செய்தார். தமிழில் அத்தகைய நூல்கள் சிலவேயாயினும் கதைகளுக்குக் குறைவில்லை. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ ஒன்று போதும். நோயுற்ற மனைவியைக் கணவன் பேணும் அக்கதையை மெல்லப் படித்தால் ஒரு மாலைப்பொழுது ஆகும். கட்டுரைக்கு மேற்கோளாகாவிட்டாலும் குற்றமில்லை.

ஆறு வாரத்தில் ஒன்றையேனும் நூலின்றிக் கழிப்பதும் நன்று. பருவம் முழுதும் பிறர் துயரைக் கேட்ட செவிக்கும் ஓய்வு வேண்டுமன்றோ? எஞ்சிய 38 நூல்களும் அடுத்த விடுமுறைக்கு ஆகும்.