வெட்டுப்பட்ட முகம்

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியப் பொற்காசுகள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு தலை. பெரும்பாலான காசுகளில், சரியாக அந்தத் தலைமேலேயே உளியால் ஆழமாக ஒரு வெட்டு.

ஏன் வெட்டினார்கள்? இனி இது காசு இல்லை, வெறும் பொன் என்று காட்டத்தான் என்பது ஒரு விளக்கம். ரோமில் அந்த முகம் ஒரு வாக்குறுதி. முசிறியிலோ கொற்கையிலோ அதை யார் காப்பாற்றப் போகிறார்கள்? தராசில் போடு, எடையைப் பார், அவ்வளவுதான்.

மென்பொருள் துறையில் இதற்கு ‘ஜீரோ டிரஸ்ட்’ என்று பெயர். யார் வந்தாலும் நம்பாதே, ஒவ்வொரு தடவையும் சரிபார். அந்த உளிக்காரர் எங்களுக்கெல்லாம் முன்னோடி. அவர் சந்தேகப்பட்டதும் நியாயந்தான். கி.பி. 64இல் நீரோ பொற்காசின் எடையைக் குறைத்தான், வெள்ளிக்காசில் வெள்ளியையும் குறைத்தான். முகம் மட்டும் அப்படியே கம்பீரமாக இருந்தது. இந்தியாவில் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தையவை.

நம்மிடம் தராசும் இல்லை. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதுன்னு சொன்னார்கள். எடை போட்டுப் பார்க்க அதில் பொன்னா இருந்தது? இருந்தது ஒரு வாக்குறுதி மட்டும்.

அப்படின்னா யாரையும் நம்பாமல் இருப்பதுதான் அறிவா?

எங்கள் அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியனின் கல்வெட்டு வேறொன்றைச் சொல்கிறது. கோயில் வழிபாட்டுக்காக மன்னன் 290 காசுகளை இளங்கோய்க்குடிச் சபையாரிடம் கொடுக்கிறான். இளங்கோய்க்குடி என்பது எங்கள் ஊரின் பழைய பெயர். முதலைத் தொடக்கூடாது, காசுக்கு இரண்டு கலம் என்று ஆண்டுக்கு 580 கலம் நெல் வட்டியாக அளக்க வேண்டும். காசை எடை போடலாம். அடுத்த வருஷத்து நெல்லை எந்தத் தராசில் போடுவது? தாமிரபரணியில் தண்ணீர் வரும், வயல் விளையும், தனக்குப் பின்னால் வரும் சபையும் சொன்ன சொல்லைக் காக்கும் என்று மன்னன் நம்பித்தான் ஆகவேண்டும்.

உளி இன்றைய வியாபாரத்தில் ஏமாறாமல் காக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. கடனோ, அறக்கட்டளையோ, கல்யாணமோ, நாளையைத் தொடுகிற எதையும் அதை வைத்துத் தொடங்க முடியாது.

ஆகவே நம்பலாமா கூடாதா என்பதல்ல என் கேள்வி. வாக்குத் தவறினால் போய்க் கேட்கிற தூரத்தில் அந்த முகம் இருக்கிறதா? இளங்கோய்க்குடிச் சபையார் இருந்தார்கள். நீரோ இல்லை.