தோள் தாழ்த்தும் தோழன்

தேர்வடத்தைப் பிடித்தவர் அனைவரும் தேரை இழுத்தவர் ஆகார். வடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபின் எல்லாரையும்போல் வியர்வை துடைத்துக்கொள்வோரும் அதில் உண்டு. அவர் இன்னார் என்று எவராலும் சுட்ட இயலாது. சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுபவரோ ஒரு கணம் அயர்ந்தாலும் ஊரே அறிந்துவிடும். பல்லக்கைத் தோளில் ஏந்துவார் நிலைமை இவ்விரண்டினும் வேறு. ஒருவர் தம் தோளைச் சற்றே தாழ்த்தினால் பாரம் மறைந்துபோவதில்லை; அடுத்திருப்பவர் தோளுக்கு மாறிவிடுகிறது. மாறியதை அவர் ஒருவரே உணர்வார். எதிரே நின்று சேவிக்கும் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

காரியாலயங்களில் ஒரே மேசைப் பணியை இருவர் பங்கிட்டுக்கொள்ளும்போது நேர்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது நிலையே. ஒருவர் காலையில் வந்து கோப்புகளைப் பிரிக்கிறார். மற்றவர் தாமதித்து வந்து, செய்தித்தாளை விரித்து, தேநீருக்கு எழுந்து, மாலையில் முதல் ஆளாகப் புறப்படுகிறார். மாத முடிவில் இருவர் கையிலும் விழும் ஊதியம் ஒன்றே. உழைப்பவர் உள்ளத்தில் அப்போது எழும் வினா, பார்வைக்குச் சிறியதாயினும், அறநூல் கற்றோரும் எளிதில் விடை கூற முடியாதது. அவர் பங்கையும் நானே செய்துவிடுவது பொறுமையா, கோழைத்தனமா? மேலதிகாரியிடம் சொல்வது முறையீடா, கோள் சொல்வதா? அவர் செய்யாதபோது நானும் கையைக் கட்டிக்கொண்டால் அது நியாயம் ஆகுமா?

கூட்டுப் பணியில் முயற்சி குறைவது இன்று நேற்று கண்டறியப்பட்டதன்று. மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர், மனிதரைக் கொண்டு வடம் இழுக்கச் செய்து சோதித்து, அதன் விவரங்களை 1913ஆம் ஆண்டில் வெளியிட்டார். தனியொருவன் இழுக்கும் விசையை 100 எனக் கொண்டால், இருவர் சேர்கையில் தலைக்கு 93 ஆகவும், மூவர் சேர்கையில் 85 ஆகவும், எண்மர் சேர்கையில் 49 ஆகவும் குறைவதாக அவரது அட்டவணை காட்டிற்று. ஒரே கணத்தில் அனைவரும் சேர்ந்து இழுக்க இயலாமையே இதற்குக் காரணமாகலாமே எனின், அதுவும் ஒரு காரணமே. ஆனால் அது மட்டுமன்று. 1979இல் அமெரிக்க உளநூலார் சிலர் மாணவர்களைக் கைதட்டவும் கூச்சலிடவும் செய்து சோதித்தபோது, தம்மோடு பிறரும் சேர்ந்திருக்கின்றனர் என்று எண்ணிய அளவிலேயே மாணவர் தம் முயற்சியைத் தளர்த்தியது புலனாயிற்று. தனித்தனியே அளவு எடுக்கப்படுகிறது என்று அறிந்தவிடத்தில் அத்தளர்ச்சி பெரிதும் நீங்கியதைப் பின்வந்த சோதனைகள் காட்டின. ஆகையால் சோம்பல் என்று நாம் பெயரிட்டு இகழ்வதில் ஒரு பகுதி அம்மனிதரின் குணம். ஒரு பகுதி, பணி பிரிக்கப்பட்டுள்ள முறையின் குறை. இரண்டையும் வேறு பிரித்துப் பாராமல் கோபங்கொள்வது பயனற்றது.

நம் அரசு அலுவலகங்களை அமைத்த முன்னோர் இந்த உண்மையை நன்கு அறிந்தே இருந்தனர் என்று தோன்றுகிறது. ஒவ்வோர் எழுத்தருக்கும் ஒரு தன்பதிவேடு உண்டு. அவரிடம் வரும் தபால் ஒவ்வொன்றும் அதில் எண்ணிடப்பட வேண்டும். என்று வந்தது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, என்று முடிந்தது என்பன எல்லாம் அதில் ஏற வேண்டும். கண்காணிப்பாளர் குறித்த கால இடைவெளியில் அதைப் பார்த்து ஒப்பமிட வேண்டும். இதனினும் சிறந்த ஏற்பாட்டை எந்த உளநூலாரும் சொல்லிவிடவில்லை. கோப்புகள் கணினித் திரையில் நகரும் இக்காலத்திலும் இதுவே வேறு உருவில் தொடர்கிறது. பதிவேட்டை ஒழுங்காக எழுதுவதும் எழுதுவிப்பதும் நின்றுபோன இடங்களிலேதான் தோள் தாழ்த்துவோர் பெருகுகின்றனர்.

இனி, சோம்பர் என்று ஒருவரை முடிவு கட்டுமுன் விசாரித்தறிய வேண்டியதும் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்த சோகை, கட்டுக்கடங்காத நீரிழிவு, மனச்சோர்வு நோய் ஆகியவை ஒருவரை வெளித்தோற்றத்திற்குச் சோம்பேறியாகவே காட்டும். வேலை தெரியாமையை மறைப்பதற்காக வேலை செய்யாதவர்போல் நடிப்போரும் உளர். ‘தெரியாதவன்’ எனப்படுவதினும் ‘செய்யாதவன்’ எனப்படுவது அவர்களுக்குக் கௌரவமாகப் படுகிறது. இத்தகையோரிடம் அருகில் அமர்ந்து ஒரு கணக்கை முடித்துக் காட்டினால் போதும். பல ஆண்டுச் சோம்பல் ஒரு வாரத்தில் கலைவதுண்டு. வேறு சிலரை நாமே சோம்பேறிகள் ஆக்குகிறோம். எதைக் கொடுத்தாலும் திருப்தியின்றி வாங்கித் திருத்துபவர் பக்கத்தில் எவர்தாம் முனைந்து எழுதுவார்?

இவை யாவும் நீக்கியபின்னரும், நல்ல உடலும் தெளிந்த அறிவும் இருந்தும் பாரத்தை நம் தோளுக்கே தள்ளுபவர் எஞ்சி நிற்பார். அவரிடத்தில் என்ன செய்வது? இதற்கு இராமாயணத்துக் கிட்கிந்தா காண்டம் ஒரு தெளிந்த வழி காட்டுகிறது. இராமனும் சுக்கிரீவனும் கொண்ட நட்பு, அதன் தெய்விகப் பொருளை ஒருபுறம் வைத்துப் பார்த்தால், இரு பங்காளிகளின் உடன்படிக்கையே. வாலியை வதைத்து அரசைப் பெற்றுத் தருவது ஒருவர் பங்கு. சீதையைத் தேடுவிப்பது மற்றவர் பங்கு. இராமன் தன் பங்கை முதலில் முடித்துவிட்டான். மழைக்காலம் நான்கு மாதங்கள் கழிந்தன, சரத்காலமும் வந்தது. அரச போகத்தில் ஆழ்ந்த சுக்கிரீவனோ எழவில்லை.

இராமன் செய்ததைக் கவனிக்க வேண்டும். குறித்த காலம் முடியும்வரை காத்திருந்தான். ஆயின் முடிந்தபின் வாளா இருக்கவில்லை. ‘அவன் செய்யாவிட்டால் போகட்டும்’ என்று பெருந்தன்மை பேசி உடன்படிக்கையை நழுவவிடவுமில்லை. காட்டில் உள்ள முனிவரிடமெல்லாம் சுக்கிரீவனைப் பற்றிக் குறை கூறித் திரியவுமில்லை. தம்பியை நேரே அவனிடம் அனுப்பினான். முதலில் சினந்து கடுஞ்சொல் சொல்லி அனுப்ப முற்பட்டவன், இலக்குவன் கொதித்து வில்லை எடுத்தவுடன், இன்சொல்லால் நினைவூட்டுமாறு தணிக்கிறான். அதற்குள்ளாகவே சுக்கிரீவன், அனுமன் எடுத்துரைத்ததன் பேரில், சேனையைத் திரட்டும்படி நீலனுக்கு ஆணையிட்டிருந்தான் என்று வான்மீகி சொல்வது இங்கே சுவையான செய்தி. காரியம் ஒருவாறு தொடங்கியிருந்தது. காத்திருந்தவனுக்கு மட்டும் அது தெரியாது. தாரையோ, காலம் போவது தெரியாமல் மயங்கியிருந்த விசுவாமித்திரரை எடுத்துக்காட்டித் தன் கணவனுக்காகப் பேசுகிறாள். அவள் தவற்றை மறுக்கவில்லை. தவறியவனும் மனிதரோடு ஒத்த இயல்பினன் என்பதையே நினைவூட்டுகிறாள். நம் அலுவலகங்களில் தாரையைப்போல் இடையில் நின்று பேசுவார் இல்லாமையும் ஒரு குறையே.

நேரே சொல்லுதல் என்பதே இதில் கடினமான பகுதி. ‘நீர் சோம்பேறி’ என்று சொல்வது எளிது; அதற்கு மறுமொழி சண்டைதான். ‘சென்ற மாதம் 12ஆம் தேதி வந்த தபால் இன்னும் உம்மிடம் இருக்கிறது, வெள்ளிக்குள் முடியுமா?’ என்று தனியிடத்தில் கேட்பது கடினம். ஏனெனில் அவ்வாறு கேட்பதற்கு நாம் கோபத்தை விட்டுக் கோப்பைப் பிடிக்க வேண்டும். அடுத்து, பங்கீட்டைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். ஒற்றைப்படை எண்கள் ஒருவருக்கு, இரட்டைப்படை எண்கள் மற்றவருக்கு என்று கண்காணிப்பாளர் முன்னிலையில் பிரித்துவிட்டால், யார் தோள் தாழ்ந்தது என்பதைப் பிறகு எவரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

அப்பொழுதும் திருந்தாவிடில் முறையிடத்தான் வேண்டும். ‘அது கோள் ஆகாதா?’ என்று நல்லோர் அஞ்சுவர். வள்ளுவர் புறங்கூறாமையை அறத்துப்பாலிலும், மடியின்மையைப் பொருட்பாலில் அரசியலிலும் வைத்தார். இவ்வைப்பு முறையில் ஒரு நுட்பம் இருப்பதாக நாம் கொள்ளலாம். புறங்கூறுதல் கூறுபவனின் நெஞ்சைக் கெடுப்பது. ஆகவே அவன் தன்னளவில் காத்துக்கொள்ள வேண்டிய அறம். மடியோ பிறர் பொருளையும் நாட்டின் காரியத்தையும் கெடுப்பது. ஆகவே அது நிர்வாகத்தின் பொறுப்பு. தேநீர்க்கடையில் நால்வர் நகைக்கச் சொன்னால் புறங்கூறல். தீர்க்கும் அதிகாரம் உடையவரிடம், ஆளைப் பற்றியன்றி நிலுவையைப் பற்றிச் சொன்னால் முறையீடு. சொல் ஒன்றாயினும் இடமும் நோக்கமும் அதை வேறாக்குகின்றன.

இவ்விவகாரத்தை நாம் எப்போதும் இருவர் வழக்காகவே பார்க்கிறோம். அது பெரும் பிழை. மூன்றாமவர் ஒருவர் உண்டு. கணவனை இழந்த ஒரு மூதாட்டி குடும்ப ஓய்வூதியத்திற்கு மனுக் கொடுத்துவிட்டு, பேருந்துக்குச் செலவழித்து, வாரந்தோறும் வந்து வராந்தாவில் அமர்ந்திருக்கிறாள். அவளுடைய கோப்பு சோம்பரின் மேசையில் கிடக்கிறது. ‘அது என் பங்கன்று’ என்று நான் வாளா இருந்தால் என் நியாயம் காக்கப்படும்; அவள் அடுப்பு எரியாது. நான் எடுத்து முடித்துவிட்டால் அவள் பிழைப்பாள். சோம்பர் மேலும் சோம்புவார். இந்த இடத்தில் அவளையே முன்வைக்க வேண்டும் என்பது எம் துணிபு. கோப்பை முடித்துவிட்டு, யார் முடித்தது என்பதைப் பதிவேட்டிலும் குறித்துவிட வேண்டும். இரக்கத்திற்காகச் செய்வதை ஏன் குறிக்க வேண்டும் என்பாருண்டு. குறிக்காமல் ஆண்டுக்கணக்கில் அவர் பாரத்தை மறைவாகச் சுமப்பது, உழைப்பு நடப்பதாக அரசுக்கு ஒரு பொய்க் கணக்குக் காட்டுவதாகும். சுமப்பவர் உள்ளத்தில் ‘நான் இல்லாவிட்டால் இங்கு ஒன்றும் நடவாது’ என்ற செருக்கும் மெல்லக் குடியேறுகிறது. நோயுற்ற தோழருக்காக மூன்று மாதம் சுமப்பது வேறு.

பழிக்குப் பழியாக நாமும் கையைக் கட்டிக்கொள்ளும் மனநிலையை 1983இல் நார்பர்ட் கெர் என்ற உளநூலார் ஆராய்ந்திருக்கிறார். கூட்டாளி வேண்டுமென்றே உழைக்கவில்லை என்று கண்டவர்கள், தாம் ஏமாளியாகாதிருக்கத் தம் முயற்சியையும் குறைத்துக்கொண்டனர். 1991இல் வெளியான வேறோர் ஆய்வோ, பணி பொருளுள்ளது என்று கருதியவர்கள் பிறர் குறையையும் ஈடுசெய்ய அதிகம் உழைத்ததைக் காட்டிற்று. இரண்டும் மனித இயல்பே. வராந்தாவில் அமர்ந்திருப்பவளைக் கண்ணால் கண்டவர் இரண்டாம் வகையினர் ஆகக்கூடும். காகிதத்தை மட்டும் கண்டவர் முதல் வகையினர் ஆவார்.

இவ்வளவு செய்தும் பலன் கிட்டாமற் போகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பணிமூப்பே பதவி உயர்வுக்குப் பெரும் அளவுகோலாக உள்ள இடத்தில், தோள் தாழ்த்தியவர் நாளை நமக்கே கண்காணிப்பாளராக வரவும் கூடும். அல்லது ஒருநாள் அவர்மீது குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரலாம். விசாரணை அலுவலர் நம்மைச் சாட்சியாக அழைக்கலாம். அன்று பழைய மனஸ்தாபம் நாவில் ஏறும். அல்லது உடனிருந்த பாசம் நாவைக் கட்டும். பதிவேட்டைத் திறந்து, அதில் உள்ள தேதிகளை வரிசையாகப் படித்துவிட்டு, கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல் எழுந்து வந்துவிடலாம். வெளியே வந்தபின் அவர் வீட்டிற்கு வழக்கம்போல் போய்வருவதற்கும் தடையொன்றுமில்லை.