புல்லுருவி என்று நினைத்தோம்

புதுவையில் நம் இல்லத்தின் பின்கட்டில் முதிர்ந்த மாமரம் ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் அதன் பெருங்கிளை முறிந்தது. அதனை அகற்ற வந்த தொழிலாளி, எஞ்சிய கிளைகளில் உள்ள புல்லுருவியையும் கழித்துவிடலாமா என்று வினவினார். "ஆகட்டும்" என்றோம். புல்லுருவியோடு, தடித்த வேர்களால் கிளையைத் தழுவியிருந்த வேறொரு செடியும் கீழே விழுந்தது. இரண்டும் ஒரே குப்பையில் சேர்ந்தன.

அன்று மாலை வந்த உறவினர் ஒருவர், தாவரவியல் கற்றவர், "இது வாண்டா டெஸலேட்டா ஆயிற்றே!" என்று பதறினார். ஆர்க்கிட் இனத்தைச் சேர்ந்த இதனை ராக்ஸ்பர்க் 1795ஆம் ஆண்டிலேயே தம் சோழமண்டலக் கரைத் தாவர நூலில் படத்துடன் விவரித்துள்ளார். மஞ்சளும் பழுப்பும் கட்டங்கட்டமாய்க் கோலமிட்ட, மணமுள்ள மலர் உடையது. அமெரிக்க மழைக்காடுகளின் ஆயிரக்கணக்கான ஆர்க்கிட்டுகளைப் போலவே, இதுவும் மரத்திடம் இடம் மட்டுமே பெறுகிறது. வேரைப் போர்த்திய பஞ்சு போன்ற உறையே மழைநீரை ஏந்திக்கொள்ளும். மரத்தின் சாற்றில் ஒரு துளியும் எடுப்பதில்லை.

"அறியாமல் செய்ததுதானே" என்று இல்லத்தார் தேற்றினர். இல்லறத்தார் ஓரறிவுயிர்க்கு இழைக்கும் இம்சையை முற்றும் விலக்க இயலாது என்பது மெய்யே. ஆயினும் பயனின்றிச் செடிகொடிகளை வெட்டுதலை அநர்த்த தண்டம் என்று சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் கடிந்துள்ளார். அந்நூலை அடியொற்றிய அருங்கலச்செப்பை இளமையிலேயே பயின்றவர்கள் நாம். அறியாமை வேறு, அறிய முயலாமை வேறு. அண்ணாந்து ஒருமுறை உற்று நோக்கியிருந்தால் போதும்; கிளைக்குள் புகுந்தது எது, மேலே பற்றி நின்றது எது என்று தெரிந்திருக்கும்.

இதனினும் கடினமான வினா ஒன்று பின்னர் எழுந்தது. விழுந்தது புல்லுருவி மட்டுமாயின் நாம் வருந்தியிருப்போமா? பிறர் சத்தைத் திருடும் உயிரை வெட்டலாம், திருடாததை வெட்டலாகாது என்பதோ நம் அறம்? ஆர்க்கிட்டின் விதை தூசியினும் நுண்ணியது. தனக்கென உணவு இல்லாதது. பூஞ்சை ஒன்று உள்ளே புகுந்து ஊட்டினாலன்றி அது முளைப்பதில்லை என்று பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் 1899இல் கண்டறிந்தார். ஆக, நாம் குற்றமற்றது என்று கருதிய செடியும் பிறிதோர் உயிரிடம் உணவு கொண்டு பிறந்ததே. புல்லுருவியை வெட்டியதற்கு மரத்தைக் காத்தல் என்னும் காரணமாவது நம்மிடம் இருந்தது. வாண்டாவை வெட்டியதற்கு ஒன்றுமில்லை. வேறுபாடு அவ்விரு செடிகளிடம் இல்லை, நம்மிடமே இருந்தது.

குப்பையிலிருந்து எடுத்த வாண்டாவைத் தென்னை நாரால் மாமரத்திலேயே கட்டினோம். சில வேர்கள் காய்ந்தன, சில பற்றின. மூன்றாம் ஆண்டுக் கோடையில் பூத்தது. புல்லுருவி அன்றே குப்பை வண்டியில் போய்விட்டது.